தெற்கு ஜன்னல்

நவம்பர் 4, செவ்வாய்

மேஜையை மறுபடி இடம் மாற்றினேன். இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. வடக்கு ஜன்னலடியில் போட்டால் வெளிச்சம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சீராக இருக்கிறது, ஆனால் மதியத்துக்குள் விரல் விறைத்துப்போகிறது. தெற்கு ஜன்னலடியில் இதமாக இருக்கிறது. பத்து மணிக்கெல்லாம் வெயில் நேராகப் பேப்பர்மேல் விழுந்து எந்த நிறத்தையும் நம்ப முடியாமல் செய்துவிடுகிறது. இங்கே வரப்போகும் அப்பாவின் கட்டில் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் மேஜை எந்தப் பக்கம் என்று தெரியும். கட்டில் இன்னும் வாங்கவே இல்லை.

இரவு அண்ணன் போன் செய்தான். அப்பா அரை டம்ளர் கஞ்சி குடித்தாராம். வலது கை அப்படியேதான் இருக்கிறதாம்.

நவம்பர் 5

விடாத மழை. புத்தகத்துக்கு வரையும் 16ஆம் பக்கப் படம் சரியாக வரவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

சுவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். மேட்டுப் பக்கச் சுவர், கதவுக்கு இடதுபுறம். தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது. முதலில் மங்கலாக ஒரு நிழல் மாதிரி இருந்தது. இப்போது டிஸ்டெம்பர் அப்பளம் போல உப்பி நிற்கிறது. விரலால் அழுத்தினால் பொறுக்காக உதிர்கிறது, உள்ளே வெள்ளை வெள்ளையாய் உப்பு. பஞ்சு மாதிரி மெல்லிய இழைகள். ஊதினால் பறக்கிறது, துடைத்தால் காலையில் மறுபடி பூத்திருக்கிறது. போன ஞாயிறு அந்தக் கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தேன். இன்றைக்குக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை ஏறியிருக்கிறது. அந்தச் சுவரில்தான் அலமாரி என்று நினைத்திருந்தேன். அதை ஒட்டி ஒருவர் படுத்தால் நெஞ்சுச் சளி நிச்சயம்.

தூங்கப் போகும் முன் டார்ச் அடித்து இன்னொரு முறை பார்த்தேன்.

நவம்பர் 8

நல்ல பேப்பர் ஐந்து தாள் போயிற்று. 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர், சென்னையிலிருந்து வரவழைத்தது. வானத்துக்கு நீலம் விட்டேன். நீலம் பரவாமல் அங்கங்கே உள்ளே இறங்கிப் புள்ளி புள்ளியாய் நின்றுவிட்டது. தாளுக்கு ஏற்றியிருக்கும் பசை ஈரத்தில் கெட்டுவிட்டால் அப்புறம் அது மை ஒற்றும் தாள்தான், எந்த பிரஷ்ஷாலும் காப்பாற்ற முடியாது. மிச்சத்தைத் துணியில் சுற்றி ட்ரங்க் பெட்டிக்குள் வைத்தேன். கூடவே சிலிக்கா ஜெல். ஆரஞ்சு மணிகள் ஒரே நாளில் பச்சையாகிவிட்டன. இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வறுத்தால் பழையபடி ஆரஞ்சுக்குத் திரும்புகின்றன. இனி தினமும் காபிக்குப் பிறகு இது ஒரு வேலை.

நவம்பர் 11

பணம் வரவில்லை.

நவம்பர் 12, புதன்

பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். முதல் தவணைக்கு பில் அனுப்பி 52 நாள் ஆகிறது, அதைப் பற்றித்தான் என்று ஓடிப்போய் எடுத்தேன். என் ஸ்டுடியோ போட்டோ வேண்டுமாம், புத்தகம் வரும்போது கூடவே போடுவார்களாம். மலை தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல், இரண்டு மூன்று செடி, சரவிளக்கு இருந்தால் நல்லது. "பின்னாடி லோக்கலா ஏதாவது தொங்கட்டுமே மேடம், அந்தத் தோடா சால்வை மாதிரி."

அப்போது ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. இப்போது எழுதுகிறேன். பூத்குளி என்ற அந்தச் சால்வை திரைச்சீலை இல்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் இழையை எண்ணி எண்ணி, கீழே ஒரு கோடுகூட வரையாமல், சிவப்பிலும் கருப்பிலும் தோடர் பெண்கள் போடும் பூவேலை அது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விசேஷத்துக்குப் போர்த்திக்கொள்வார்கள், இறந்தவருக்கும் போர்த்துவார்கள். அப்படிப்பட்ட துணியை என் வீட்டு ஓதத்தை மறைக்க நான் மாட்ட மாட்டேன்.

பணத்தைக் கேட்க மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. இரவு உட்கார்ந்து மெயில் எழுதினேன். உத்யம் பதிவு எண்ணைப் போட்டு, பதிவு செய்த சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்ற சட்டத்தையும் மரியாதையாகக் குறிப்பிட்டேன். அனுப்பிய பிறகு கை நடுங்கியது.

நவம்பர் 15, சனி

கோவை போய்வந்தேன். கோத்தகிரி டானிங்டனில் பஸ் ஏறும்போது சாரல், குஞ்சப்பனை தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது, மேட்டுப்பாளையத்தில் வியர்த்தது.

அப்பா முகம் சின்னதாகிவிட்டது. பேச்சு குழறுகிறது, ஆனால் புரிகிறது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். செல்போனில் 16ஆம் பக்கத்தைக் காட்டினேன். பஸ் ஸ்டாண்ட், மழை, குடைகள், வரிசையாய்க் கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு போர்டு. மற்றதெல்லாம் வந்துவிட்டது, போர்டு எழுத்து மட்டும் செத்துக் கிடக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் "பழக்கடை"யில் விரலை வைத்து, "ழ... சுழி" என்றார். மறுபடி, "சுழி, கண்ணு. அவசரம்."

முப்பது வருஷத்துக்கு மேல் போர்டு எழுதிய மனிதர். சுண்ணப்பொடி தடவிய நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார், மேல்கோடும் கீழ்கோடும் விழும். அதற்கு நடுவில் எனாமல் பெயின்ட்டில் எழுத்து ஓடும். "ழ"வின் வாலை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்பார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகும் இரண்டு மூன்று பழைய கடைக்காரர்கள் அவரையே கூப்பிட்டார்கள்.

கிளம்பும்போது அண்ணி ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே அவருடைய கைக்கோல். எழுதும்போது கையை ஊன்றிக்கொள்ளும் மூங்கில் குச்சி, நுனியில் துணி உருண்டை. துணிமேல் இத்தனை வருஷத்துப் பெயின்ட் பட்டுப் பட்டுக் கல் மாதிரி இறுகியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் சிவப்பு, அதன் கீழ் மஞ்சள், அதன் கீழ் ஒரு பச்சை. அந்தப் பச்சை எந்தக் கடை என்று அவருக்குத் தெரியும்.

நவம்பர் 17

கோடு இன்னும் ஒரு விரல்கடை. "ழ" நாற்பது தடவை.

நவம்பர் 19, புதன்

வெயில்! ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை முழுசாக வெயில். எதிர்ச்சரிவுத் தேயிலை பளபளவென்று இருந்தது, சில்வர் ஓக் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. படம் எதுவும் வரையவில்லை. சாக்பீஸும் கையுமாகத் தரையில் உட்கார்ந்து, தெற்கு ஜன்னல் வெயில் எங்கே விழுகிறதோ அங்கே மணிக்கொரு கோடு போட்டேன். உச்சியில் ஜன்னலிலிருந்து நான்கு அடி உள்ளே வருகிறது. மார்கழியில் இன்னும் அரையடி கூட வரும்.

ஓவியருக்கு வடக்கு வெளிச்சம்தான் என்று படித்துப் படித்து மண்டையில் ஏறிவிட்டது. ஐரோப்பாவில் அது வருஷம் முழுக்கச் சரி, அங்கே உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கேதான். நாம் இருப்பது 11.4 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து அப்படியே வடக்கே தாண்டிவிடும், ஆகஸ்ட் 22 வாக்கில்தான் திரும்பும். அந்த நாலு மாதம் உச்சி வெயில் வடக்கு ஜன்னல் பக்கம். ஆக, யாரோ எந்த ஊருக்கோ சொன்னதை வைத்து நான் மேஜையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

முடிவு இதுதான். இப்போதைக்குத் தெற்கு ஜன்னல் அப்பாவுக்கு. கட்டிலின் தலைமாடு மேற்கே, வலது பக்கம் ஜன்னலை ஒட்டி, அந்தக் கைமேல் வெயில் படுகிற மாதிரி. மேஜை வடக்கே. விறைப்புக்கு விரல் இல்லாத கையுறை போட்டுக்கொள்ளலாம். சித்திரை பிறந்ததும் மேஜையும் கட்டிலும் இடம் மாறிக்கொள்ளட்டும்.

சித்திரை என்று எழுதிவிட்டேன். அடிக்க மாட்டேன்.

நவம்பர் 20

வீட்டுக்கார அம்மா வந்து சுவரைப் பார்த்தார். "இதுக்கு உள்ள என்ன பூசினாலும் நிக்காதும்மா. பின்னாடி ஒரு வாய்க்கா இருந்துச்சு, எங்க மாமனார் காலத்துல. மண்ணு சரிஞ்சு மூடிருச்சு." போய்ப் பார்த்தோம். மேட்டு மண் சுவரில் முட்டுக்கால் உயரத்துக்குச் சாய்ந்து கிடக்கிறது. ஓட்டிலிருந்து வடியும் தண்ணீர் முழுக்க அதற்குள்தான் இறங்குகிறது. நான் இத்தனை நாளாய் உள்ளே நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 22

கொத்தனாரும் இன்னொருவரும் வந்து மண்ணை வெட்டி எடுத்தார்கள். ஒன்றரை அடி ஆழத்தில் பழைய கல் வாய்க்கால் அப்படியே இருந்தது. மண்ணை அள்ளியதும் தேங்கிய தண்ணீர் தானாக ஓட ஆரம்பித்தது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன்.

கொத்தனார் டிஸ்டெம்பரை முழுசாகச் சுரண்டச் சொன்னார். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவராம். அது ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், மேலே பிளாஸ்டிக் பெயின்ட்டைப் போட்டு மூடினால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் உப்பாய்ப் பொரியுமாம். "சுண்ணாம்பு அடிங்க. அது மூச்சு விடும்."

நவம்பர் 24, விடியற்காலை 3 மணி

தூக்கம் இல்லை. கூரைமேல் மழை. எதற்காக ஓர் அறையை இவ்வளவு இழைக்கிறேன்? அவரை இந்தக் குளிருக்குக் கொண்டுவருவது சரியா? அண்ணன் வீட்டில் வெயில் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம். ஆனால் அங்கே மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். நாள் முழுக்க டிவி. அவர்தான் கேட்டார். அவர்தான் "அங்க வரேன்" என்றார். நான் கேட்கவில்லை. இதை நாளைக்கு வெளிச்சத்தில் படித்துப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 24, மாலை

காட்டுமாடு ஒன்று வாசலில். வீட்டுக்கார அம்மாவின் முட்டைக்கோசை மேய்ந்துவிட்டு நிதானமாகப் போயிற்று. அப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன். பதிலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது, ஆறு வினாடி, முழுக்கச் சிரிப்பு.

நவம்பர் 28

சுண்ணாம்பு வாளியில் ஊறுகிறது, நான்கு நாளாக. கோடு நின்றுவிட்டது! 22ஆம் தேதிக் கோட்டுக்கு மேல் ஒரு நூல்கூட ஏறவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

இரண்டு நாள் வெயில் கிடைத்தது. சுவரை நனைத்து, சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியும் ஒரு கை உப்பும் சேர்த்து, மூன்று கை அடித்தேன். முதல் கை அடிக்கும்போது தண்ணீர் மாதிரி ஒன்றுமே தெரியாது. பயந்துவிடக் கூடாது. காயக் காயத்தான் வெண்மை எழுந்து வருகிறது. நீலம் போடவில்லை. நீலம் போட்ட சுவர் பேப்பர்மேலும் நீலத்தை அடிக்கும். இப்போது அறை பால் மாதிரி இருக்கிறது. வடக்கு மூலையில்கூட வெளிச்சம்.

பழைய ட்யூப்லைட்டையும் கழற்றிவிட்டேன். அதன் கீழே கலந்த சிவப்பு காலையில் வேறு சிவப்பாக இருந்து என்னை ஏமாற்றியது போதும். நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு, சிஆர்ஐ, 90க்கு மேலுள்ள பல்பு இரண்டு, மேஜைக்கு. கட்டில் பக்கத்துக்கு மஞ்சள் பல்பு.

டிசம்பர் 3, கார்த்திகை தீபம்

அகல் ஒன்பது வைத்தேன். தெற்கு ஜன்னலில் இரண்டு. காற்றில் அணைய அணைய ஏற்றினேன்.

டிசம்பர் 5

போட்டோ அனுப்பியாயிற்று. செடி இல்லை, சரவிளக்கு இல்லை. வெள்ளைச் சுவர், அதில் ஆணியடித்து மாட்டிய கைக்கோல், மேஜை, தரையில் சாக்பீஸ் கோடுகள். "சிம்பிளா இருக்கே" என்று பதில் வந்தது. இருக்கட்டும்.

டிசம்பர் 8, திங்கள்

பணம் வந்தது. டிடிஎஸ் 10 சதவீதம் போக மீதி. கட்டில் வாங்கிவிட்டேன், சில்வர் ஓக், பக்கத்தில் பிடித்துக்கொண்டு எழ ஒரு கட்டையும் ஆசாரி அடித்துக் கொடுத்தார். சாக்பீஸ் கோட்டுக்குள் மிகச் சரியாக உட்கார்ந்தது. மத்தியானம் நானே படுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு வெயில் வலது முழங்கையில்.

டிசம்பர் 9

வெள்ளிக்கிழமை அப்பாவை அழைத்து வருவதாகச் சொல்கிறான் அண்ணன். டாக்டர் சரி சொல்ல வேண்டும்.

டிசம்பர் 10

டாக்டர் இன்னும் சொல்லவில்லை. 16ஆம் பக்கத்தைக் கைக்கோலை ஊன்றி எழுதினேன். இவ்வளவு சின்ன எழுத்துக்கு அது தேவையே இல்லை, ஆனால் கை நின்றது. "பழக்கடை" பரவாயில்லை. சுழி இன்னும் அவசரப்படுகிறது. அவரே பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

டிசம்பர் 12, வெள்ளி

மூடுபனி, எதிர்ச்சரிவே தெரியவில்லை. வெயில் வருமா? பத்து மணிக்குள் வந்தால் போதும். வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் நேற்றே எடுத்தாயிற்று. குஞ்சப்பனையில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள் என்று அண்ணி மெசேஜ். பின்சீட்டில் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வருகிறாராம், போர்டு ஒன்று விடாமல் படிக்கிறாராம். வெந்நீர் வைக்க வேண்டும்