ஸ்கோலின் ஒத்துக்கொள்ளாத குடும்பம்

ஹெர்னியா ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பிறகு மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போனேன். சர்க்கரை, பிரஷர், ஆடுகிற பல் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "வீட்ல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சினை ஆயிருக்கா?" என்றார். சிசேரியன் முடிந்தும் தானாக மூச்சு விட முடியாமல் அக்கா வென்டிலேட்டரில் கிடந்ததைச் சொன்னேன். அடுத்த கேள்வி, "நீங்க ஆரிய வைசியரா?" ஆஸ்பத்திரியில் சாதி கேட்கிறாரே என்று சுருக்கென்றது. காரணம் இருந்தது.

மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ஊசி ஸ்கோலின். ரத்தத்தில் உள்ள சூடோகோலினெஸ்டரேஸ் என்சைம் அதைச் சிதைத்துவிடுவதால் பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் வேகம் அடங்கிவிடும். அந்த என்சைமுக்கான ஜீன் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதாக வந்திருந்தால், மருந்து மணிக்கணக்கில் இறங்காது. நினைவு திரும்பினாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. அதனால் தூக்க மருந்தையும் தொடர்ந்து கொடுப்பார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுத்த எங்கள் சமூகத்தில் இது அதிகம். என்சைமின் 307-ஆவது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் என்ற வேறொன்று வந்துவிடுகிறது என்று 2006-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. மற்றபடி அன்றாட வாழ்க்கையில் ஒரு குறையும் தெரியாது.

உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பாவது உண்டு. ஜீன் பரிசோதனை தேவைப்படவில்லை, சாதாரண ரத்தப் பரிசோதனைதான். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு எடுக்கும் அதே டெஸ்ட். சீட்டைப் பார்த்த லேப் பெண் குரலைத் தாழ்த்தி, "என்ன சார் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். விளக்கி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்களும் என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த என்சைமின் அளவு கிட்டத்தட்ட பூஜ்யம். சரி, ஆபரேஷன் தள்ளிப்போகுமோ என்று பார்த்தால் இல்லை. ரோகுரோனியம் என்று வேறு மருந்து. அதற்கு இந்த என்சைம் தேவையில்லையாம். சாதாரணமாகவே கண் விழித்தேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஸ்கோலின் கூடாது' என்று நானே கேட்டுத்தான் எழுதி வாங்க வேண்டியிருந்தது. அக்காவின் பழைய தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. விபத்தில் நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு போனால் யார் சொல்வார்கள்? ஓர் அட்டையில் எழுதி, லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு ஒரு பழுதான ஜீன் நிச்சயம் போயிருக்கும். மனைவியும் சொந்தத்தில் எடுத்தவள்தான். அதனால் அடுத்து அவளுக்கும் பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்கப் போகிறோம்.