காது அதே காதுதான்: ட்ராமா தெரபியில் எனக்கு நடந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரபிக்குப் போனதால் என் காது மந்தமாகிவிடவில்லை. மிக்ஸி ஓடினால் இன்றும் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். சுடிதார் கழுத்தில் இருக்கும் லேபிளை இன்றும் கத்தரித்துவிட்டுத்தான் போடுகிறேன். குறைந்தது வேறு ஒன்று. சத்தம் கேட்ட மறுநொடி ‘இப்ப யாரோ திட்டப் போறாங்க’ என்று உடம்பு மொத்தமும் சுருங்குமே, அது. இவை இரண்டும் வெவ்வேறு சங்கதிகள் என்று எனக்குப் புரியவே நாளாயிற்று. வளர்ந்து ஆளான பிறகு ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காத தன்மை) என்று தெரியவந்து, கூடவே ட்ராமா எனப்படும் பழைய மனக் காயங்களையும் வைத்துக்கொண்டு தெரபிஸ்ட் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் சென்னையில் இருக்கிறேன், ஆடிட்டர் ஆபீசில் வேலை. முப்பத்தைந்தைத் தாண்டும்வரை எனக்கு இருந்ததெல்லாம் டிப்ரெஷன், ஆங்ஸைட்டி என்ற இரண்டு பெயர்கள்தான். மாத்திரை ஓரளவு கேட்டது. அப்புறம், அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1990-களில் முன்வைத்த ‘ஹைலி சென்சிடிவ் பெர்சன்’, அதாவது எதையும் மற்றவர்களைவிடக் கூடுதலாக உணரும் ஆள், பற்றிப் படித்தபோது, அட இது நானேதான் என்று இருந்தது. டாக்டரிடம் சொன்னேன். அது ஒரு சுபாவத்தின் பெயர், மருத்துவப் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் அதோடு விடவில்லை. சின்ன வயதைப் பற்றி நிறையக் கேட்டார். கடைசியில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் மதிப்பீட்டுக்கு எழுதிக்கொடுத்தார்.

மதிப்பீட்டுக்கு அம்மாவும் வர வேண்டியிருந்தது. பழைய ராங்க் கார்டுகளைக்கூடக் கொண்டுவரச் சொன்னார்கள்.

“மூணு வயசுல எப்படி விளையாடுவாங்க?”

“இவ எங்க மேடம் விளையாடினா? வீட்ல இருக்கிற செருப்பெல்லாம் வரிசையா அடுக்கி வச்சுட்டு பக்கத்துல உக்காந்திருப்பா. யாராவது ஒரு செருப்பைப் போட்டுட்டு வெளியே போயிட்டா அன்னிக்கு முழுக்க அழுகைதான்.”

அம்மா இதைப் பெருமையாகத்தான் சொன்னார். கேள்வி கேட்ட சைக்காலஜிஸ்ட் எழுதிக்கொண்டே இருந்தார். முடிவில் ஆட்டிசம், ஏடிஹெச்டி இரண்டும் என்று வந்தது. மனநலப் பிரச்சினைகளுக்குப் பெயர் வைக்க டாக்டர்கள் பார்க்கும் அமெரிக்க விதிப் புத்தகம் டிஎஸ்எம். 2013-இல் அதன் ஐந்தாம் பதிப்பான டிஎஸ்எம்-5 வரும்வரை இரண்டையும் ஒருவருக்கே சேர்த்துச் சொல்ல அது அனுமதிக்கவில்லை. ஒலி, ஒளி, தொடுகை உறுத்துவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்ததும் அந்தப் பதிப்பில்தான். என் பள்ளிக்காலத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று நான் ரொம்ப நாள் கோபப்படாததற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவதாக இன்னொன்றும் அந்த அறிக்கையில் இருந்தது: ட்ராமா. ஏழாம் வகுப்பில் ஆண்டு விழா ஒத்திகையின்போது டிரம்ஸ் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் வந்து கையை இழுத்துவிட்டு, “திமிரா?” என்று கேட்டு, ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்து, வெளியே முட்டி போட வைத்தார். ஒரு நாள் என்றால் மறந்திருப்பேன். அந்த ஒத்திகைக் காலம் முழுக்க இதே கதை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடை செய்தபோது நான் பள்ளியை விட்டு வெளியே வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இனிமேல்தான் தெரபிஸ்ட் தேடும் படலம். ‘ஹோலிஸ்டிக்’, அதாவது உடம்பையும் மனதையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சை, என்ற சொல் நம்மூரில் எந்தக் கடைக்கும் போர்டாக மாட்டிக்கொள்ளக் கிடைக்கிறது. ரெய்கி, கிரிஸ்டல், முற்பிறவிக்குக் கூட்டிப் போகும் ஹிப்னாஸிஸ், எல்லாம் அந்தப் பெயரில் வரும். ஈசிஆர் பக்கம் ஒரு வார இறுதி முகாமுக்குப் போனேன். படுக்க வைத்து, தலைமாட்டில் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினார்கள். சத்தம் தாங்காதவளுக்கு சவுண்ட் ஹீலிங்! அழுது, உதறி, சுவர் ஓரம் போய் ஒடுங்கிவிட்டேன். நடத்தியவர், “விடுங்க, எல்லாம் ரிலீஸ் ஆகுது” என்று கிண்ணத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். அது ரிலீஸ் இல்லை. மெல்ட்டவுன், அதாவது தாங்கும் அளவைத் தாண்டி உடம்பும் மனதும் கட்டுப்பாடு இழப்பது.

அதன் பிறகு தேடும் முறையை மாற்றிக்கொண்டேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருந்தால் ஆர்சிஐ பதிவு எண் கேட்டேன். ஆர்சிஐ என்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில். எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்களிடம் திரும்பப் போகவில்லை. அடுத்து, ஆட்டிசம் உள்ள பெரியவர்களைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். மூன்றாவது கேள்விதான் நிறையப் பேரை வடிகட்டிவிட்டது: “எனக்கு ஒத்துவரலேன்னா என்ன மாத்துவீங்க?” பாதிப் பேர், “முதல்ல வாங்க, பழகிடும்” என்றார்கள். ஒருவர் மட்டும், “என்னென்ன ஒத்துவராதுன்னு எழுதி அனுப்புங்க, வர்றதுக்கு முன்னாடியே பாத்துடறேன்” என்றார். அவரிடம்தான் போனேன்.

பட்டியல் அனுப்பினேன். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக், டியூப் லைட் இரைச்சல், எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்ப்பது. போனபோது கடிகாரம் இறங்கியிருந்தது, நாற்காலிகள் இரண்டும் ஜன்னலைப் பார்த்துப் பக்கம் பக்கமாகக் கிடந்தன. நான் எழுத மறந்தது மல்லிகைப்பூ. தெரபிஸ்ட் மேடம் தலை நிறைய வைத்திருந்தார். எனக்கு அந்த வாசனைக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். சொல்லலாமா என்று தவித்து ஒருவழியாகச் சொன்னேன். “அப்படியா?” என்று எழுந்து, பூவை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். உறுத்துகிறது என்று சொன்னதற்கு எதிராளி கோபப்படாமல் இருந்தது எனக்குப் புதிது. சிகிச்சை அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்பது என் எண்ணம்.

அவர் செய்வது இஎம்டிஆர் என்ற ட்ராமா சிகிச்சை. பிரான்சின் ஷபிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் தொடங்கியது. பழைய நினைவை மனதில் நிறுத்திக்கொண்டே கண்ணை இட வலமாக அசைப்பது, அல்லது இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டுவது. கேட்கும்போது மந்திரவாதம் போல இருக்கும். ஆனால் 2013-இல் உலக சுகாதார நிறுவனம் பிடிஎஸ்டி-க்கு (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலப் பாதிப்பு) பரிந்துரைத்தவற்றில் இதுவும் ஒன்று. கண்ணசைவு எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் சண்டை இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருவது, ஆனால் சிறியது. மேடம் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னார்.

இஎம்டிஆரின் எட்டுக் கட்டங்களில் இரண்டாவது, ஆயத்தம். பலருக்குச் சில செஷன்களில் முடிந்துவிடுமாம். எனக்கு மாதக்கணக்கில் இழுத்தது. காரணம், வழக்கமான பயிற்சிகள் எல்லாமே என்னிடம் தலைகீழாக வேலை செய்தன. மூச்சைக் கவனியுங்கள் என்றால் இதயத் துடிப்பு பெரிதாகக் கேட்டுப் பயம் கூடும். சுற்றியுள்ள சத்தங்களைக் கவனித்து எண்ணச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. நான் ஏற்கெனவே அத்தனை சத்தத்தையும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்! அமைதியான கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்னால், எனக்குக் கடற்கரை என்பது வெயில், பிசுபிசுப்பு, காலில் ஒட்டும் மணல்.

“சரி, உங்களுக்கு எது நிம்மதி?”

ரயில் நிலையப் பெயர்களை வரிசையாகச் சொல்வது என்றேன். ஆட்டிசம் என்றாலே ரயில்தானா என்று சிரிக்காதீர்கள், அப்பா ரயில்வேயில் இருந்தார். எழும்பூரில் ஆரம்பித்து தாம்பரம், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர், திருச்சி என்று மதுரைவரை போவேன். அதையே என் பாதுகாப்பான இடமாக வைத்துக்கொண்டோம். நினைவு தாங்க முடியாமல் போனால் கையைத் தூக்க வேண்டும். இருவரும் சேர்ந்து ஸ்டேஷன் சொல்வோம். மேடத்துக்கு விருத்தாசலத்துக்குப் பிறகு வராது.

இன்னொரு சிக்கல் எண். ‘இந்த நினைவு எவ்வளவு தொந்தரவு, 0-லிருந்து 10-க்குள் சொல்லுங்கள்’ என்று இஎம்டிஆரில் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். தினமும் எண்ணோடு பிழைக்கிறவளுக்கு இந்த எண் மட்டும் வராது. வருத்தமா, பயமா, பசியா என்றே பல நேரம் எனக்குத் தெரியாது. ஆட்டிசம் உள்ளவர்களில் நிறையப் பேருக்கு இப்படி உண்டாம், அலெக்ஸிதைமியா என்கிறார்கள். பெயிண்ட் கடையில் கொடுக்கும் ஷேடு கார்டு ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துப் போனேன். வெளிர் மஞ்சளிலிருந்து அடர் செங்கல் நிறம்வரை போகும் ஒரு பட்டை. விரலை வைத்துக் காட்டினால் மேடம் அதை எண்ணாகக் குறித்துக்கொள்வார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரும்போது தொண்டை அடைக்கவில்லை.

நடுவில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் (அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கப் பயிற்சி தருபவர்) அனுப்பினார். நம்மூரில் அவர்களிடம் வருவது பெரும்பாலும் குழந்தைகள்தான். குட்டி பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே பெரியவள் ஒருத்தி உட்கார்ந்திருப்பதை ஒரு வாண்டு கண்கொட்டாமல் பார்த்தது. 60 கேள்விகள் கொண்ட, பெரியவர்களுக்கான ஒரு படிவத்தை நிரப்ப வைத்து, எனக்கு எது உறுத்தும், எது அடக்கும் என்று அவர் கணக்கெடுத்தார். அழுத்தம் எனக்கு நல்லது என்று தெரிந்தது. கனமான போர்வையைச் சென்னை வெயிலில் யார் போர்த்துவது? அஞ்சு கிலோ அரிசிப் பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். செஷனுக்கும் அதைக் கொண்டுபோனேன். அடுத்தடுத்துப் பழகிய வாட்ச்மேன், “என்னம்மா, மேடத்துக்கு அரிசியா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

முழு ஹோலிஸ்டிக்கும் எனக்கு இதுதான்: மாத்திரை எழுதும் டாக்டர், தெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று இந்த மூவரும் என் அனுமதியோடு ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது.

ஆயத்தம் முடிந்து நினைவுக்குள் போனோம். விரலைப் பின்தொடர்ந்து கண்ணை அசைத்தால் குமட்டியது. கையில் பிடிக்கும் அதிர்வுக் கருவியின் ரீங்காரம் பல்லைக் கூச வைத்தது. கடைசியில் கைகளை மார்பில் குறுக்கே வைத்துத் தோளை மாறி மாறித் தட்டிக்கொள்ளும் முறை ஒத்துவந்தது. 1997-இல் மெக்சிகோவின் அகாபுல்கோவைப் புயல் தாக்கிய பிறகு, அங்கே தப்பியவர்களிடையே வேலை செய்தபோது உருவான முறை அது. பட்டாம்பூச்சி அணைப்பு என்கிறார்கள். தட்டும் வேகமும் என் கையில் இருந்தது.

டீச்சர் முகம் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தது டஸ்டர். பச்சைத் துணி, ஓரத்தில் மரக்கட்டை, சாக்பீஸ் தூசி வாசனை. அப்புறம் முட்டிக்குக் கீழே சிமெண்ட் தரையின் சொரசொரப்பு. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும், “இப்ப என்ன வருது?” என்பார் மேடம், நான் சொல்வேன், “அதோட போங்க” என்பார். வேறு அறிவுரை எதுவும் கிடையாது. முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தேன், ஆட விட்டார். இந்த நினைவோடு ஒட்டிக்கொண்டிருந்த என் வாக்கியம், ‘நான் திமிர் பிடிச்சவ’. சில வாரம் இதிலேயே உழன்றோம். ஒரு நாள் தட்டிக்கொண்டிருக்கும்போதே என் வாயில் வந்தது: “காது வலிச்சுது. அதான் பொத்தினேன்.” கார்டில் விரல் வெளிர் மஞ்சளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. அடுத்த வாரமும் அங்கேயேதான் நின்றது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கிளம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் எனக்கு எல்லாம் மோசமாகத்தான் ஆனது. கனவுகள் வந்தன, மெல்ட்டவுன் கூடியது, செஷனுக்கு மறுநாள் பேச்சே வராது. அதனால் வெள்ளிக்கிழமை மாலையாகப் பார்த்து நேரம் வாங்கிக்கொண்டேன், சனிக்கிழமை யாருக்கும் இல்லை. ராத்திரியில் முடியாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம். அதில் டெலிமானஸின் 14416-உம் இருந்தது. அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். ஒரு முறை கூப்பிட்டேன், எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார்.

செலவு கணிசம். ஒரு செஷனுக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். மருத்துவமனையில் படுத்தால்தான் என் இன்ஷூரன்ஸ் தரும், இதற்குப் பைசா கிடையாது. கையைக் கடித்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டேன். அவ்வளவு முடியாதவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவையோ, ஆட்டிசம் பற்றி என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசின் நிப்மெட் நிறுவனத்தையோ முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் அம்மா இன்னும், “அந்தக் காலத்துல எல்லாரும்தான் அடி வாங்கினோம்” என்கிறார். நான் வாதாடுவதில்லை. ஆனால் குக்கர் விசில் வருவதற்கு முன்னாடியே அவர் அடுப்படியிலிருந்து நழுவுவதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

கல்யாணங்களுக்குப் போகிறேன். காதில் இயர்பிளக், கெட்டிமேளம் கொட்டும்போது வாசலில் நிற்பேன், பந்திக்குத் திரும்பிவிடுவேன். யாராவது, “என்ன, காதுல பஞ்சா?” என்றால் ஆமாம், சத்தம் ஆகாது என்கிறேன். குரல் நடுங்குவதில்லை. மாத்திரை தொடர்கிறது. தெரபியில் எடுக்க வேண்டிய நினைவுகளில் இன்னும் இரண்டு பாக்கி. டிசம்பரிலேயே அடுத்ததை எடுக்கலாம் என்றார் மேடம். எங்கள் தெருக் கோயிலில் மார்கழி முழுக்க விடியற்காலையிலேயே ஸ்பீக்கர் போட்டுவிடுவார்கள். தை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.