ஃபோர்மட் பண்ண முதல்

"அண்ணா, நோட்ஸ் எல்லாம் போயிருச்சா?"

பக்கத்து லயத்துத் தங்கச்சி லேப்டாப்பை மழையில் நனையாமல் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஏ.எல் குறிப்புகள் முழுக்க அதில்தான். ஹட்டனில் இடி இடித்து கரண்ட் போனது. பேட்டரி செத்த மெஷின் அப்படியே அணைந்திருக்கிறது. கடையில் எல்லாவற்றையும் அழித்து ஃபோர்மட் பண்ணச் சொன்னார்களாம்.

கறுப்புத் திரை. 'இனிட்ராம்எஃப்எஸ்' (முழு சிஸ்டம் எழும்ப முன் ஓடும் சின்னத் தற்காலிக சிஸ்டம்) என்ற சொல், பக்கத்தில் மின்னும் கர்சர்.

எல்லோரும் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். விஷயம் அதற்கு மேலே உள்ள வரிகளில் இருக்கிறது. டிஸ்க்கின் எந்தப் பகுதியில், அதாவது எந்தப் பார்ட்டிஷனில் கோளாறு, பிழை திருத்தும் கட்டளையான எஃப்எஸ்சிகே-யை நீயே ஓட்டு என்று அவள் மெஷினில் இருக்கும் லினக்ஸ் சிஸ்டமான உபுண்டு தெளிவாக எழுதியிருந்தது.

திடீரென்று அணைந்தால் பெரும்பாலும் ஜர்னலை (டிஸ்க்கில் செய்யும் மாற்றங்களின் குறிப்பேடு) வைத்து அதுவே சரிசெய்துகொள்ளும். முடியாவிட்டால் இப்படி நின்றுவிடும். பழுதான இடத்தில் மேலும் எழுதி இருப்பதையும் கெடுக்கக்கூடாதே!

கட்டளையோடு பார்ட்டிஷன் பெயரையும் அவளே டைப் பண்ணினாள். ஒவ்வொரு பிழைக்கும் 'சரிசெய்யவா?' என்று கேட்டது, ஆம் என்பதற்கு 'வை' (y) அழுத்திக்கொண்டே போனாள். அப்புறம் 'எக்ஸிட்'. லாகின் திரை வந்தது. முதல் வேலையாக எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டோம்.

எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மலையகத்தில் எத்தனை பிள்ளைகளின் பாடங்கள் இப்படி அவசரப்பட்டு அழிக்கப்பட்டிருக்கும்? எஃப்எஸ்சிகே கைகொடுக்காவிட்டாலும் லைவ் யுஎஸ்பியில் (உபுண்டுவை நேராக ஓட்டும் பென் டிரைவ்) பூட் பண்ணி ஃபைல்களை எடுத்துப் பார்க்கலாம்.

தோட்டத்துப் பிள்ளைகள் யாருடைய மெஷினாவது திறக்கவில்லையென்றால், திரையை முழுசாக போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். மேல் வரிகளும் தெரியவேண்டும். ராத்திரியானாலும் பார்த்துச் சொல்கிறேன்.