ஆய்வகத்தில் எதைச் சேர்த்து வைப்பது, எதை அவ்வப்போது வரவழைப்பது

ஆய்வகத்துக்குச் சாமான் வாங்கும் பொறுப்பு என் கைக்கு வந்ததும் முதலில் மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரைத்தான் திறந்து பார்த்தேன். காலாவதியான என்சைம்கள், பாதி தீர்ந்த கிட்டுகள், அப்புறம் ஒரே பொருளை மூன்று பேர் தனித்தனியாக ஆர்டர் போட்டதில் பிரிக்கப்படாமலே கிடந்த மூன்று பெட்டிகள். மனசு கேட்கவில்லை. அதன் பிறகுதான் தேவைக்கேற்ப அவ்வப்போது வரவழைக்கும் முறைக்கு மாறினோம்.

டொயோட்டா கார் நிறுவனத்தில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர் வளர்த்தெடுத்த முறை இது. நாங்கள் எளிமையாக இரண்டு பெட்டி வைத்தோம்: முதல் பெட்டி காலியானதும் அதன் அடியில் இருக்கும் அட்டையை எடுத்து ஆர்டர் போட வேண்டும், சரக்கு வரும்வரை இரண்டாவது பெட்டி தாங்க வேண்டும். வாரத்துக்கு 4 பாக்கெட் டிப் (பிப்பெட்டின் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் முனை) செலவாகிறது, வந்துசேர 2 வாரம் ஆகிறது என்றால் 8 பாக்கெட், தாமதமானால் சமாளிக்க இன்னும் 4, ஆக இரண்டாவது பெட்டியில் 12 இருக்க வேண்டும்.

ஆனால் அட்டை மட்டும் போதாது, சப்ளையரிடம் பேச வேண்டும். அடுத்த மூன்று மாதத்துக்கு என்னென்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் நமக்காக எடுத்து வைப்பார், நாம் மாதாமாதம் பிரித்து வாங்கிக்கொள்ளலாம். உலர்பனியில் (உறைந்த கார்பன் டைஆக்சைடில்) வரும் சரக்கை வார இறுதியை ஒட்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவைப்பதும் முக்கியம், ஏனென்றால் வழியில் இரண்டு நாள் நின்றால் பனி ஆவியாகிவிடும், உள்ளே இருக்கும் செல்கள் வீண். செல் வளர்ப்புக்கான சீரம் லாட்டுக்கு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதிக்குத் தொகுதி) மாறும் என்பதால், சோதித்துப் பார்த்து ஒத்துவந்த லாட்டில் ஒரு வருடத்துக்கானதை நம் பெயரில் ஒதுக்கிவைக்கக் கேட்டுவிடுவேன்.

எல்லாவற்றையும் இப்படி விட்டுவிடக் கூடாது. 2008 கடைசியில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் உலகம் முழுக்கத் தட்டுப்பாடானது. அது பிளாஸ்டிக், செயற்கை இழைக்கான மூலப்பொருளான அக்ரிலோநைட்ரைல் தயாரிப்பில் கிடைக்கும் துணைப்பொருள், அதன் உற்பத்தி குறைந்ததும் இதுவும் குறைந்துவிட்டது, எச்பிஎல்சி (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) வைத்திருந்த ஆய்வகங்கள் கரைப்பானுக்கு அலைந்தன. 2020-இல் ஃபில்டர் டிப்புக்கும் கையுறைக்கும் இதே கதிதான். ஆகவே ஒரே இடத்திலிருந்து மட்டும் வரும் பொருளுக்கு மூன்று மாத இருப்பு வைக்கிறேன். டைஎத்தில் ஈதர் என்ற கரைப்பானுக்கு இது பொருந்தாது, வைத்திருந்தால் பெராக்சைடு உருவாகி வெடிக்கும் ஆபத்து உண்டு, அதைச் சின்ன பாட்டிலாகத்தான் வாங்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் மாற்றுச் சப்ளையரின் கேட்டலாக் எண்ணையும் எழுதிவைக்கிறோம். அந்தப் பொருளை ஒருமுறை வாங்கி, நம் சோதனையில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் எழுதுவோம்.