ஒளியில் பதியும் தடங்கள்
824 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளில் இருந்துகொண்டு, காற்றைத் தொடாமலே அதில் என்ன கலந்திருக்கிறது என்று எப்படி அளக்கிறார்கள்? நேற்று இரவு முழுக்க இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் கருவி நிறம் நிறமாகப் பிரிக்கிறது. புற ஊதாக் கதிரில் ஒரு பங்கை ஓசோன் விழுங்கியிருக்கும். வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு நீல ஒளியில் தன் தடத்தை விட்டிருக்கும். நேரடிச் சூரிய ஒளியோடு ஒப்பிட்டால் எது எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். எத்தனை அழகான யோசனை!

1978இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் போன, ஓசோனை அளக்கும் டாம்ஸ் கருவிக்குப் படத்தின் ஒரு புள்ளி என்பது சுமார் 50 கிலோமீட்டர் அகலம். 2017இல் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவிக்கு இப்போது 5.5க்கு 3.5 கிலோமீட்டர்தான். பெரிய அனல்மின் நிலையம் ஒன்றின் புகைகூடத் தனியாகத் தெரிகிறது. அப்புறம், 2020இல் போன தென்கொரியாவின் ஜெம்ஸ் கருவி, ஆசியாவைப் பகல் நேரத்தில் மணிக்கொரு முறை பார்க்கிறது.

ஆனால் மேகம் மறைத்தால் கீழே இருப்பது தெரியாது. நைட்ரஜன் டை ஆக்சைடு போன்றவற்றில் கிடைப்பதும் மேலிருந்து கீழ்வரை உள்ள மொத்த அளவுதான். நம் மூக்கருகே எவ்வளவு என்பதைத் தரையில் உள்ள கருவிதான் உறுதியாகச் சொல்லும். செயற்கைக்கோள் வந்துவிட்டது, தரை நிலையம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது.