வேகம், மேஜர்-மைனர், உணர்வு: பியானோ ஆரல் சோதனைக்குக் காதைப் பழக்கிய கதை

நான்காம் கிரேடு பியானோ சோதனையில் மூன்று பீஸும் நன்றாகப் போயின, ஸ்கேலும் தடுமாறவில்லை, வாசிப்பதைக் கேட்டுப் பதில் சொல்லும் ஆரல் பகுதியில்தான் கோட்டை விட்டேன். எக்ஸாமினர் வாசிப்பதற்கு முன்பே, மேஜரா மைனரா (மேற்கத்திய இசையின் இரண்டு முக்கிய ஸ்கேல் வகைகள்) என்பதையும் உணர்வையும் கவனி என்று சொல்லிவிட்டார். பீஸ் துள்ளி ஓடியது. உடனே மேஜர், சந்தோஷம் என்றேன். ஆனால் அது மைனர். வெளியே வந்து அந்த மெட்டை, நான் அக்கா என்று கூப்பிடும் டீச்சரிடம் முணுமுணுத்துக் காட்டியபோது அவர் ஒரு வரிதான் சொன்னார்: "நீ வேகத்தைக் கேட்டுட்டு சுருதியைச் சொல்லியிருக்கேப்பா."

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் பிராக்டிகல் கிரேடில் மொத்தம் 150 மார்க், அதில் ஆரல் 18. (வீடியோ எடுத்து அனுப்பும் பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் ஆரல் கிடையாது.) 18 தானே என்று கடைசி வாரம் வரை விட்டுவிடுகிறோம், ஆனால் காது ஒரு வாரத்தில் பழகாது. நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வகுப்பு முடிந்து கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ரயில் ஏறி வீடு போகும் நேரத்தில் தினம் ஒரு ரெக்கார்டிங் கேட்பேன், பெயரைப் பார்க்காமல். வேகம், மேஜரா மைனரா, உணர்வு என்ற மூன்று கேள்விகளையும் ஒரே தடவையில் கேட்டுக்கொள்ள மாட்டேன். முதல் தடவை வேகம் மட்டும்.

வேகத்தில் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. பீத்தோவன் 1801-இல் எழுதிய, நாம் மூன்லைட் என்று சொல்லும் சொனாட்டாவின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். (அந்தப் பெயரை அவர் வைக்கவில்லை.) வலது கையில் மும்மூன்றாகச் சுரங்கள் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும், நானும் முதலில் அவற்றுக்கே விரல் தட்டி நடுத்தர வேகம் என்று எழுதி வைத்தேன். ஆனால் இடது கையைக் கேளுங்கள். கீழே அந்தக் கனமான சுரம் எவ்வளவு நேரம் நின்றுவிட்டு அடுத்ததற்கு நகர்கிறது? அடாஜியோ, மெதுவான வேகம். பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: அங்கே ஓடுவது திஸ்ர நடை (ஒரு தட்டுக்கு மூன்று சுரம்), காலப்பிரமாணம் விளம்பம்தான் (மெதுவான தட்டு). கால் பெருவிரலை பாஸோடு, அதாவது அந்தக் கீழ்ச் சுரத்தோடு மட்டும் அசைத்துப் பழகுங்கள், வேகம் தானாகப் பிடிபடும்.

அப்புறம் மேஜரா மைனரா. இதற்கு நான் செய்வது இதுதான்: பீஸ் முடியும்போது ஒலிக்கும் கடைசி பாஸ் சுரத்தைப் பிடித்து வாய்க்குள் ஸ என்று வைத்துக்கொள்வேன். அங்கிருந்து ஸ ரி க என்று ஏறி, இப்போது கேட்ட மெட்டில் எந்த க பொருந்துகிறது என்று பார்ப்பேன். அந்தர காந்தாரம் (உயர்ந்த க) என்றால், சங்கராபரணம் போல, மேஜர். சாதாரண காந்தாரம் (தாழ்ந்த க) என்றால், கீரவாணி பக்கம் சாய்ந்தால், மைனர். ஒரு எச்சரிக்கை: பாக் காலத்து மைனர் பீஸ்கள் பல மேஜர் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) முடியும். அதனால் முடிவிலிருந்து ஸ மட்டும் எடுங்கள், க-வை மெட்டின் உடம்பில் தேடுங்கள். பழைய கால வாத்தியங்களில் பதிவு செய்தவை சில அரைக் கட்டை (கட்டை என்பது நம் சுருதி அளவு) இறங்கி ஒலிக்கும், ஐந்து கட்டையில் இருக்க வேண்டியது நாலரையாகக் கேட்கும். கலங்க வேண்டாம், ஸ இறங்கினால் க-வும் கூடவே இறங்கும்.

உணர்வுதான் மூன்றிலும் கடினம். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்ற வாய்ப்பாட்டை உடைக்க அக்கா எனக்கு இரண்டு பீஸ் கொடுத்தார். ஒன்று மோட்ஸார்ட்டின் துருக்கி ரோண்டோ. அவ்வளவு துடிப்பாகத் தொடங்குகிறதே, தொடக்கம் மைனர்! இன்னொன்று எரிக் சாத்தி 1888-இல் எழுதிய முதல் ஜிம்னோபெடி. டி மேஜரில் இருக்கிறது, ஆனால் தலையில் அவரே போட்ட குறிப்பு மெதுவாக, வலியோடு என்பது. இரண்டையும் அடுத்தடுத்து பத்து நாள் கேட்டேன், அந்த வாய்ப்பாடு காதை விட்டே போய்விட்டது.

வேகம் மாறினால் உணர்வு எவ்வளவு மாறும் என்று தெரிய வேண்டுமா, பியானோ கலைஞர் கிளென் கோல்ட் வாசித்த பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸைக் கேளுங்கள். 1955 பதிவில் ஆரியா என்ற தொடக்க மெட்டு இரண்டு நிமிடம்கூட இல்லை. 1981-இல் அதே ஆரியா மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. அதே ஜி மேஜர், அதே சுரங்கள். முதலாவதில் யாரோ தெளிந்த மனதோடு காலையில் நடந்து போவது போல இருக்கும், இரண்டாவதில் ஒவ்வொரு சுரத்தையும் விட மனமில்லாமல் விடுவது போல. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், சொல்லிவிடுகிறேன்.

சோதனையில் உணர்வைச் சொல்லும்போது வெறும் சோகம் என்று நிறுத்தாதீர்கள், காரணத்தையும் சேருங்கள். ஏக்கமா, கலக்கமா, அமைதியா, வீராப்பா என்று முதலில் தமிழில் பிரித்துப் பாருங்கள், தமிழில் சொல் கிடைத்தால் ஆங்கிலத்தில் சொல்ல வாய் திக்காது. நான் வீட்டில் ஒரு நோட்டில் அப்படித்தான் எழுதினேன், ஒரு பீஸுக்கு ஒரு சொல், பக்கத்தில் ஒரு காரணம்.

எட்டாம் கிரேடில் எக்ஸாமினர் வாசித்துவிட்டுத் திரும்பினார். ஷூவுக்குள் பெருவிரல் பாஸோடு அசைந்து நின்றிருந்தது, ஸ வாய்க்குள் இருந்தது. மெதுவான வேகம், மேஜர், ஆனால் மெட்டு மேலே ஏறப் பார்த்து ஒவ்வொரு முறையும் இறங்கிவிடுவதால் ஏக்கமாக இருக்கிறது என்றேன். அவர் தலையசைத்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.