பாட்டுக்கும் ஒரு ஜாதகம் வேண்டும்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சொந்தமாகப் பாட்டுப் போடுகிற குழுக்கள் குரலை வீட்டிலேயே எடுத்துவிடுகிறார்கள். நாயனமும் தவிலும் வேண்டுமென்றால் கலைஞர் இருக்கும் ஊருக்கே மைக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எடுத்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங் சென்னையில். பிறகு இணைய விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எல்லாவற்றிலும் ஏற்றுகிறார்கள். பாட்டும் நன்றாக அமைந்துவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து ஒரு குறும்பட இயக்குநர் வந்து, "குரல் இல்லாத வடிவம் கிடைக்குமா, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்" என்று கேட்கும்போதுதான் தலைவலி ஆரம்பம். எந்த மிக்ஸ் வெளியானது, சரணத்தை யார் எழுதினார், தவில்காரரிடம் எழுத்தில் ஏதாவது வாங்கியிருக்கிறதா, எதற்கும் பதில் இருக்காது.

பதிவு தொடங்கும் நாளிலேயே பாட்டுக்கு ஒரு ஜாதகம் எழுதிவிட வேண்டும். ஒரு பக்கத் தாள் போதும். தேதி, இடம், வேகம், சுருதி, சாம்பிள் ரேட் (ஒரு நொடியில் ஒலியை எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்ற எண்), அன்று வந்தவர்கள், யார் எதை வாசித்தார், வரி யாருடையது, மெட்டு யாருடையது. ஒவ்வொரு அமர்வுக்கும் இரண்டு வரி சேர்த்துக்கொண்டே போகலாம்.

சுருதியை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீபோர்டில் பாட்டைப் பாடகருக்கு வசதியான சுருதியில் முடித்துவிட்டு, கடைசியில் நாயனக்காரரைக் கூப்பிடுவதுதான் வழக்கமாக நடக்கிற கூத்து. பாரி எனப்படும் நீண்ட நாயனத்தின் சுருதி பெரும்பாலும் 2 கட்டை அல்லது 2½ கட்டை. அது நமக்காக நகராது. நாயனம் பாட்டில் உண்டென்றால் அவருடைய வாத்தியத்தின் சுருதியைக் கேட்டுவிட்டுத்தான் மெட்டின் சுருதியை முடிவு செய்ய வேண்டும். வந்த உடனே சுருதி பார்க்காதீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் வாசித்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியும் குழலும் சூடேறிய பிறகு பாருங்கள். ஏசி போட்டால் சுருதி இறங்கும். கணக்குப்படி 8 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய கால் ஸ்வரஸ்தானம், அதாவது கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு சாவிகளின் இடைவெளியில் கால் பங்கு. அந்தக் கால் பங்கு போதும், கீபோர்டோடு சேராமல் காதைக் குத்த. மைக்கை அணசுக்கு, அதாவது நாயனத்தின் விரிந்த வாய்க்கு, நேராக வைத்தால் கூரான சத்தம் மட்டும்தான் வரும், ஏனென்றால் நாயனத்தின் ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. மூன்று அடி தள்ளி, துளைகளைப் பார்த்தபடி கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் முழு நாதமும் கிடைக்கும். தவிலுக்கு இரண்டு மைக், இரு முகங்களில் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று.

வீட்டில் குரல் எடுப்பவர்கள் அறையின் அளவையும் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. நம் ஊர் கான்கிரீட் வீடுகளில் 10 அடிக்கு 10 அடி அறை சர்வசாதாரணம், கூரையும் சில வீடுகளில் 10 அடி. மூன்று பக்கமும் ஒரே அளவானால் 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 113 ஹெர்ட்ஸிலும் அறை முழங்கும். 113 என்பது ஆண் குரலின் கீழ்ப்பகுதி. சில ஸ்வரங்கள் மட்டும் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டால் பாடகரைக் குறை சொல்லாதீர்கள். அறையின் நடுவிலிருந்து நகர்ந்து, துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டிப் பாடச் சொல்லுங்கள். கடலோர ஈரத்தில் கண்டென்சர் மைக் படபடவென்று பொரியும். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் அந்தத் தொல்லை குறையும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகுதான் பதிவு. தேவனாம்பட்டினம் பக்கம் என்றால் விடியற்காலையில் படகு எஞ்சினும் உண்டு.

சென்னைக்கு அனுப்பும் கோப்புகளில்தான் அதிகம் தவறுகிறது. எல்லா டிராக்கும் (ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்குமான தனிக் கோப்பு) பாட்டின் பூஜ்ஜிய நொடியிலிருந்தே தொடங்க வேண்டும், கடைசிச் சரணத்தில் மட்டும் வரும் நாயனம்கூட. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. நான்கு நிமிட மோனோ டிராக் ஒன்று ஏறக்குறைய 35 எம்பி வரும், 30 டிராக் என்றால் 1 ஜிபி. அதற்கேற்ற கிளவுட் இடம் வைத்துக்கொண்டு லிங்க் அனுப்புங்கள். தாளில் சாம்பிள் ரேட் எழுதாமல் போனால் என்ன ஆகும்? 44.1-ல் எடுத்த தவிலை 48 என்று நினைத்து யாராவது திறந்தால் வேகம் 9 விழுக்காடு ஏறும், சுருதி ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறும். உங்களுடைய அசல் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள்.

மிக்ஸ் முடிந்த அன்றே நான்கு வடிவங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: முழுப்பாட்டு, குரல் இல்லாதது, குரல் மட்டும், மேடைக்கான பின்னணி. பிறகு கேட்டால் அந்த மிக்ஸின் கோப்பைத் திறக்கவே தனியாகக் கட்டணம் ஆகும், சில நேரம் திறக்கவும் முடியாது. மிக்ஸை வெளியீட்டுக்குக் கடைசியாக மெருகேற்றும் மாஸ்டரிங்கில் உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டக் கூடாது. தளங்கள் கோப்பைச் சுருக்கும்போது கூரான ஒலிகள் இன்னும் கொஞ்சம் எகிறும், வலந்தலை அடி அதில் முதலாவது. ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமப்படுத்திவிடும். அதற்கு மேல் நசுக்கிச் சத்தம் ஏற்றினால் தவிலின் உயிர் போவதுதான் மிச்சம்.

அடுத்தது கையெழுத்து. வரி யாருக்கு எத்தனை பங்கு, மெட்டு யாருக்கு எத்தனை பங்கு என்பதைப் பாட்டு வெளியாகும் முன்பே எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பணம் வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு தாங்காது. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலமும் இடமும் குறிப்பிடாவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை மொத்தமாகத் தள்ளுபடி செய்துவிட முடியாது. இருவரும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்துகொள்வதுதான் முறை. தவில், நாயனக் கலைஞர்களுக்கு அன்றைய சம்பளத்தோடு சம்மதக் கடிதமும் உண்டு. பாட்டின் விவரத்தில் அவர்கள் பெயரும் வர வேண்டும். இது மரியாதை, இதில் பேரம் கிடையாது.

பிறகு எண்கள். ஐஎஸ்ஆர்சி என்பது பதிவுக்கான எண், 12 இடம்: முதல் ஐந்து யார் வழங்கியது என்பதைச் சொல்லும், அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி ஐந்து வரிசை. விநியோக நிறுவனம் கொடுத்தால் முன்னெழுத்து வேறு நாட்டுடையதாக இருக்கலாம், அதனால் உரிமை எங்கும் போகாது. குரல் இல்லாத வடிவம், ரீமிக்ஸ், சுருக்கிய வடிவம் ஒவ்வொன்றுக்கும் புது எண். சத்த அளவை மட்டும் சரிசெய்தால் பழைய எண்ணே போதும். யுபிசி என்பது வெளியீட்டுக்கான எண், அதையும் தாளில் ஏற்றுங்கள்.

வெளியிடுவதற்கு நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் தொகுப்பாளர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது 7 நாள் முன்னதாக அது அவர்களிடம் இருக்க வேண்டும். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள். ஜூன் 21 அன்று புதுச்சேரியில் ஃபெத் த லா மியூசிக் இசை விழா மேடையில் பாடப்போகிற பாட்டென்றால் மே மாத நடுவிலேயே ஏற்றி, விழாவுக்கு முந்தைய வெள்ளியை வெளியீட்டு நாளாகக் குறியுங்கள். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்ஸல், அதில் இணைய முகவரியோ தொலைபேசி எண்ணோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாடகர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் முந்தைய பாட்டில் எப்படியோ அப்படியே. ஓர் எழுத்து மாறினாலும் புதுக் கலைஞர் பக்கம் முளைத்துவிடும்.

விநியோக நிறுவனத்தை மாற்றும்போதுதான் இந்தத் தாள் கைகொடுக்கும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாத பதிவுக்குப் பணம் வராது. புது ஐஎஸ்ஆர்சி போட்டு மறுபடி ஏற்றி, பழையதில் 700, புதியதில் 600 என்று பிரிந்தால் இரண்டுக்குமே ஒன்றும் இல்லை. அதே எண், அதே கோப்பு, அதே தலைப்பு, அதே பெயர் எழுத்துக்கூட்டலோடு புதிய நிறுவனத்தில் ஏற்றி, இரண்டிலும் கேட்பு எண்ணிக்கை ஒன்றாகத் தெரிகிற வரை பொறுத்திருந்து, அதன் பிறகே பழைய நிறுவனத்திடம் நீக்கச் சொல்லுங்கள்.